ரப்பர் இலை உதிரும் நாட்களில்

வெள்ளி: தேரூர்

எங்கள் பள்ளியில் உயிரியல் நடத்திய அண்ணாச்சி போன ஐப்பசியில் காலமானார். பெயரைப் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அண்ணாச்சி என்றே இருக்கட்டும். பிள்ளைகளுக்கு அவர் பயாலஜி சார். ஆசிரியர் அறையில், அவர் இல்லாத நேரத்தில், 'காட்டாளன்'. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான், அறைக்குள் நுழையும்போது வேண்டுமென்றே ஒருமுறை உறுமிவிட்டு வருவார்.

நான் வரலாறு. மலையடிவாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் பல வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஓய்வுக்குப் பிறகு நான் மதுரைப் பக்கம் போய்விட்டேன். இப்போது தை மாதம் பார்த்துக் கிளம்பி வந்ததற்குக் காரணம் உண்டு. அண்ணாச்சி பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போவது தை, மாசியில் மட்டும்தான். ஏன் என்பதை நாளைக்குச் சொல்கிறேன். இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னால்தான் விளங்கும்.

வண்டியும் வழித்துணையும் எங்கள் பழைய மாணவன் ஒருவன். குலசேகரத்துக்குப் பக்கத்து ஊர். தேனீ வளர்க்கிறான். பெட்டி ஏற்றும் வண்டியின் முன் சீட்டில் என்னை உட்கார வைத்து, "பைய ஏறுங்க சார், மெழுகு ஒட்டும்" என்றான். ஒட்டியது.

காடு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அண்ணாச்சி முதலில் கூட்டிப்போவது குளத்துக்கு. அதே வரிசையில் போவோம் என்று பையன் பிடிவாதமாக இருந்தான். தேரூர், கவிமணி பிறந்த ஊர். ஊரை ஒட்டிப் பெரிய குளம். 2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கும் வேம்பனூர் குளத்துக்கும் சேர்த்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. கரையில் நின்றால் தாமரைக்கு நடுவே நீலத்தாழைக்கோழிகள், தூரத்தில் கூழைக்கடாக்கள், கருப்பாக அரிவாள் மூக்கன் கூட்டம். நீளவால் இலைக்கோழி ஒன்று இலை மேல் நடந்துபோனது. இந்தப் பருவத்தில் அதற்கு அந்த நீண்ட வால் இருக்காது. இனப்பெருக்க காலத்தில்தான் முளைக்கும். இதுவும் அண்ணாச்சி சொல்லித் தெரிந்ததுதான். நான் தனியாக வந்திருந்தால் 'ஏதோ ஒரு கோழி' என்று எழுதியிருப்பேன்.

கரையில் நிறுத்திவைத்து அவர் கேட்பது ஒரே கேள்வி. "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

வாய்க்காலில் இருந்து என்பான் ஒருவன். வாய்க்காலுக்கு? அணையில் இருந்து. அணைக்கு? மலையில் இருந்து. இங்கே நிறுத்துவார்.

"மலைன்னா கல்லு மக்கா. கல்லு எப்பிடித் தண்ணி தரும்?"

பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் தேங்குவது தோவாளைக் கால், அனந்தனார் கால் என்று பிரிந்து நாஞ்சில் நாட்டு வயலுக்கும் குளத்துக்கும் வருகிறது. ஆனியில் முதல் போக நெல்லான கன்னிப்பூ நாற்றும் அதை நம்பித்தான், புரட்டாசிக்குப் பிறகு இரண்டாம் போகமான கும்பப்பூவும் அதை நம்பித்தான். மழை இரண்டு பருவமும் உண்டு என்றாலும், பெய்த மழையை இலைக்குப்பையிலும் வேரிலும் பிடித்துவைத்து, மழை நின்றபிறகும் ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு மேலே காடு வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் வெள்ளமாக இறங்கிக் கடலுக்குப் போய்விடும். கடலோ இங்கிருந்து கூப்பிடு தூரம். இதைப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்கிறார்கள். ஆனால் கூழைக்கடாவைக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு கேட்ட பையன்களுக்கு அது மறக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே முழுக் கேள்வி பதிலையும் அவர் குரலிலேயே ஒப்பித்தான் தேனீக்காரன்.

ராத்திரி மைனி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, வீட்டில் சாப்பாடு. மரச்சீனியும் மீன்கறியும். அண்ணாச்சியுடைய நோட்டுகளை எடுத்து வைத்திருந்தார்கள். வர்ணனை தேடி ஏமாந்தேன். தேதி, இடம், மரம், பூத்ததா காய்த்ததா, யார் சொன்னது. அவ்வளவுதான். மழை என்றால் 'மழை'. யானை என்றால் 'யானை, திரும்பிவிட்டோம்'.

சனி: கீரிப்பாறை, காளிகேசம்

பூதப்பாண்டி, திட்டுவிளை, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம். பூதப்பாண்டி தாண்டியதும் வலப்பக்கம் தாடகை மலை. மல்லாந்து கிடக்கும் பெண் உருவம் என்று ஊரில் எல்லோரும் காட்டுவார்கள். எனக்கு இத்தனை வருஷத்தில் மூக்கு மட்டும்தான் பிடிபட்டிருக்கிறது.

தடிக்காரன்கோணம் தாண்டியதும் நேற்று பாக்கி வைத்த விஷயம் கண்ணுக்கு எதிரே வந்துவிட்டது.

வேறு எந்த மாதத்தில் வந்தாலும் இந்தச் சாலையில் இரண்டு பக்கமும் பச்சை. வெளியூரில் இருந்து வருகிறவர்கள் 'எவ்வளவு காடு!' என்று படம் எடுப்பார்கள். எடுப்பதில் பெரும்பகுதி ரப்பர். அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இந்தப் பக்கம் கீரிப்பாறை தொடங்கி அந்தப் பக்கம் சிற்றாறு, கோதையாறு வரை கிடக்கின்றன. தனியார் தோட்டங்கள் வேறு. ஆனால் ரப்பர் மரம் மார்கழி முடிந்து தை பிறக்கும்போது மொத்தமாக இலையை உதிர்க்கும். பழுத்துச் சிவந்து, ஒரு மரம் பாக்கியில்லாமல், ஒரே நேரத்தில். இப்போது தோட்டம் முழுக்க வெறும் குச்சி. சரிவில் மேலே பார்த்தால், குச்சி எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருண்ட பச்சை.

அந்தக் கோட்டைக் காட்டத்தான் தை மாதம்.

"இப்பம் தெரியுதா மக்களே, காடு எவ்வளவு, தோட்டம் எவ்வளவுன்னு?" என்பார். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். மலையடிவாரத்திலேயே பிறந்த பிள்ளைகள். அப்பாவோ அம்மாவோ விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகிறவர்கள். வீட்டுக்குப் பின்னால் இருப்பது காடு என்றே நினைத்து வளர்ந்தவர்கள்.

பச்சையாக இருப்பதால்தான் குமரி மாவட்டத்தில் காடு குறைவது யார் கண்ணிலும் படுவதில்லை என்பது அண்ணாச்சியின் கட்சி. வறண்ட மாவட்டத்தில் ஒரு தோப்பை வெட்டினால் ஊரே பார்க்கும். இங்கே ஆயினியும் பலாவும் வேங்கையும் நின்ற விளையை வெட்டி ரப்பர் வைத்தால், மூன்றே வருஷத்தில் மறுபடியும் பச்சை. போனது என்னவென்று கேட்பதற்கே ஆள் இருக்காது. ஆசிரியர் அறையில் இதற்காக அவரோடு சண்டை போடாதவர்கள் குறைவு. பாதிப் பேருக்கு ரப்பர் உண்டு. எங்களுக்கும் ஐம்பது சென்ட் உண்டு. 2011-ல் விலை கிலோ 240 ரூபாய் வரைக்கும் ஏறியபோது, வைத்திருந்தவன் எல்லாம் ராஜா. மகள் கல்யாணத்தை ரப்பர் ஷீட்டு விற்று நடத்தியவர்கள் உண்டு. "ரப்பர் வேண்டாம்னு நான் சொல்லல வேய். அதைக் காடுன்னு சொல்லாதீரும், அவ்வளவுதான்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை விதமான கோபத்தோடும் சொல்ல அவருக்குத் தெரியும்.

கீரிப்பாறைக்கு முன்னால் ஒரு தோட்டத்தில் பையன் வண்டியை நிறுத்தினான். அவன் பெட்டிகள் அங்கே இருந்தன. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது, காம்பு மூன்று இலையாகப் பிரியும் இடத்தில் சின்னச் சுரப்பிகளில் தேன் ஊறுமாம். செம்பு நிறத் தளிர் ஒன்றை ஒடித்துக் காட்டினான். நாக்கில் வைத்தேன்; இனித்தது. மாசி, பங்குனியில் மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் இதை நம்பித்தான்.

"அப்போ ரப்பர் இல்லேன்னா உனக்குப் பிழைப்பு இல்ல."

"உண்மைதான் சார். ஆனா மூணு மாசம் கழிஞ்சா? இந்தத் தோட்டத்துல ஒரு பூ கிடையாது. மத்த மாசம் ஈ எங்க போயித் தின்னும்? காட்டோரம் பெட்டி வச்சவனுக்கு ஈ தங்கும். நடுத் தோட்டத்துல வச்சவன் சீனித்தண்ணி ஊத்தணும்." அவன் அப்பா காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், வைரஸ் நோய் வந்து பெட்டி பெட்டியாகத் தேனீக்கள் செத்திருக்கின்றன. அதற்குப் பிறகு மீண்டும் காட்டோரத்தில் கூடு தேடிப் பிடித்துத்தான் தொழிலைத் தொடங்கினார்களாம். அண்ணாச்சி இதை அவனைக் கொண்டே வகுப்பில் சொல்ல வைத்திருக்கிறார். பரீட்சையில் தேறாத பையன், முழு வகுப்புக்கும் பாடம் எடுத்தானாம். 'அன்னைக்குத்தான் சார் எனக்கு இது தொழில்னு தோணிச்சு' என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

காளிகேசத்தில் வனத்துறைக் கேட்டில் சீட்டு வாங்கி உள்ளே நடந்தோம். ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு, ஆனால் தை மாதத்திலும் ஓடுகிறது. இங்கே அவர் வைக்கும் விளையாட்டு: கயிற்றால் பத்தடிக்கு ஒரு வட்டம் போட்டு, உள்ளே விழுந்து கிடக்கும் இலைகளில் வகைக்கு ஒன்று பொறுக்க வேண்டும். முதலில் ரப்பர் தோட்டத்தில். பிறகு இங்கே. தோட்டத்தில் ஆட்டம் உடனே முடிந்துவிடும். இங்கே பிள்ளைகளால் முடிக்கவே முடியாது. சாப்பாட்டு மணி ஆகிவிடும். இன்றைக்குப் பையன் கயிறு கொண்டுவந்திருந்தான். அறுபதைத் தாண்டிய நான் குனிந்து இலை பொறுக்கியதை, சீட்டுக் கொடுத்த தம்பி சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே இருந்து ஒரு இலை வெளியே போகக் கூடாது. எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டுத்தான் வந்தோம். மேலே கிளைகளில் கருமந்திகள் ஒருமுறை அதட்டின. மலையணிலின் வால் மட்டும் தெரிந்தது.

திரும்பும்போது டீக்கடையில் பழம்பொரி. நன்றாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

ஞாயிறு: பேச்சிப்பாறை

அணையைக் கட்டியவர் மிஞ்சின் என்ற வெள்ளைக்கார இன்ஜினீயர். திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலம், 1906-ல் முடிந்தது. அணைக்குப் பக்கத்திலேயே அவர் கல்லறை. வரலாற்று வாத்தியார் என்ற முறையில் பிள்ளைகளிடம் இங்கே பேசுவது என் பங்கு. மகாராஜா, அணை, 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழகத்தோடு சேர்ந்தது என்று நான் ஒரு மணி நேரம் எடுப்பேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இந்தத் தண்ணிக்கு அடியில யாரு இருந்தா?" என்பார். என் பாடக்குறிப்பில் அது இருக்காது.

காணிக்காரர்கள், இந்த மலையின் பழங்குடிகள். அணைக்கு அந்தப் பக்கம் தச்சமலை, மோதிரமலை, கோதையாறு வழியெல்லாம் அவர்கள் குடியிருப்புகள். சில இடங்களுக்கு இன்றும் நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்துதான் போகவேண்டும். எங்கள் பள்ளிக்கு அப்படி வந்துகொண்டிருந்த பிள்ளைகள் இருந்தார்கள். மழைக்காலத்தில் வரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் 'ஆ' போடுவதற்குப் பதிலாக அண்ணாச்சி ஒரு வட்டம் போட்டு வைப்பார். தலைமையாசிரியர் கேட்டால், "தண்ணி கூடுதல்" என்பார்.

காட்டைக் காப்பது பற்றி அவருக்கும் ஊர்க்காரர்களுக்கும் இருந்த சண்டை ஒன்று என்றால், காட்டைக் காக்கிறவர்களோடு இருந்த சண்டை இன்னொன்று. மனிதனை வெளியேற்றினால் காடு பிழைக்கும் என்று பேசுகிறவர்களிடம் அவருக்குச் சட்டென்று ரத்தம் ஏறும். அவர் சொல்லும் உதாரணம் ஆரோக்கியப்பச்சை. 1987-ல் அகத்தியமலையில், கேரளப் பக்கம், ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள் மூச்சு வாங்கி உட்கார, வழிகாட்டிய காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுவிட்டுக் களைப்பே இல்லாமல் ஏறினார்கள். புஷ்பாங்கதன் குழு அதை விடாமல் கேட்டு, செடியைக் கண்டு, ஆராய்ந்து, 'ஜீவனி' என்ற மருந்தாக்கியது. 1995-ல் ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தபோது, கிடைக்கும் பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடு. பழங்குடி அறிவுக்கு விலை வைத்துப் பங்கு கொடுத்த முதல் ஏற்பாடுகளில் ஒன்று என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். அது எவ்வளவு தூரம் ஒழுங்காக நடந்தது என்பதில் பிறகு நிறைய வழக்கு வாதம். அண்ணாச்சிக்கு அதில் வேறு விஷயம் முக்கியம். "செடி இருந்துது, சயின்டிஸ்ட் இருந்தான். ரெண்டு பேரையும் சேத்து வச்சது யாரு? காட்டுக்குள்ள நடக்கத் தெரிஞ்சவன். அவன இறக்கி ரோட்டோரம் வீடு கட்டிக் குடுத்துட்டா, அவன் பேரனுக்கு அந்தச் செடி தெரியுமா?" 2006 வன உரிமைச் சட்டம் வந்தபோது படிவத்தை எடுத்துக்கொண்டு ஞாயிறு ஞாயிறாகப் போய் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார். மைனிக்கு அந்த ஞாயிறுகள் மீது இன்னும் கோபம் இருக்கிறது. நேற்றுகூடச் சொன்னார்கள்.

நோட்டில் 2017 டிசம்பர் பக்கங்களை அணைக்கரையில் உட்கார்ந்து படித்தேன். நவம்பர் 30-ல் ஒக்கி புயல். கடலோரத்தில் எத்தனை வீட்டில் ஆண்பிள்ளை திரும்பவில்லை என்பதுதான் அன்றைக்குப் பெரிய துக்கம். மலைப்பக்கம் யாரும் பார்க்கவில்லை. இங்கே ரப்பர் தோட்டங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. கடன் வாங்கி வைத்த வாழை ஒன்று நிற்கவில்லை. எங்கள் ஐம்பது சென்ட்டிலும் பாதி போனது. காட்டுக்குள்ளும் பெரிய மரங்கள் விழுந்தன. அவர் எழுதியிருப்பது இப்படி: 'வேங்கை 1, வேரோடு. மருது 2, கிளை. தோட்டம், எண்ணவில்லை.' அடுத்த வரி: 'விழுந்த இடத்தில் வெயில். என்ன முளைக்கிறது என்று பார்க்க வேண்டும்.' அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே இடத்துக்குப் போய், முளைத்ததை எழுதியிருக்கிறார். மரம் நடும் விழா என்றால் தலைமறைவாகிவிடுகிற மனுஷன், விழுந்த மரத்தின் பள்ளத்தில் உட்கார்ந்து கன்று எண்ணியிருக்கிறார். ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று, பூமாலை, பேனர், படம் என்று பள்ளியே அல்லோலகல்லோலப்படும்போது, போன வருஷம் நட்ட குழிகளைப் பிள்ளைகளோடு சுற்றிப் பார்த்து, எதில் கன்று இருக்கிறது எதில் இல்லை என்று பலகையில் எழுதிப்போட்டதும் இவர்தான். அந்தப் பலகை மதியத்துக்குள் அழிக்கப்பட்டது.

படகில் போகலாம் என்று பையன் கூப்பிட்டான். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. கோதையாற்று மலையைக் கரையிலிருந்தே பார்த்தோம். 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற கேரளத்து யானையைக் கம்பம் பக்கத்தில் பிடித்துக் கொண்டுவந்து விட்டது அந்த மேல்கோதையாற்றுக் காட்டில்தான். தோட்டத் தொழிலாளர்கள் பயந்துபோயிருந்தார்கள். நான் மதுரையிலிருந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "சின்னக்கானல்ல பிறந்தவன இங்க இறக்கி விட்டிருக்கு. அவனுக்கு ஊர் தெரியாது, ஊருக்கு அவனத் தெரியாது. ரெண்டு பேருக்கும் ராத்திரி தூக்கம் இல்ல" என்றார். அதற்கு முந்தின வருஷம்தான் குமரி, நெல்லை மலைகளைச் சேர்த்து அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவித்திருந்தார்கள். 1,197 சதுர கிலோமீட்டர். அதற்காக அன்றைக்கு அண்ணாச்சி ஸ்கூல் பக்கத்து டீக்கடையில் எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி. சம்பளக் கமிஷன் வந்தபோதுகூட வாங்கித் தந்ததில்லை.

திங்கள்: ஆரல்வாய்மொழி

கடைசி இடம் அவர் கணக்கில் எப்போதும் இதுதான். மூன்று நாள் ஈரத்தில் நடந்துவிட்டு இங்கே வந்தால் வேறு மாவட்டம் மாதிரி இருக்கும். குலசேகரம் பக்கம் பெய்கிற மழை இங்கே இல்லை. கணவாய்க் காற்று, முப்பந்தல் வரை வரிசையாகக் காற்றாலைகள். தோவாளையில் பூச்சந்தை முடிந்து கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி மலையடிக்குத் திரும்பினால் உடைமரமும் கள்ளியும் ஆவாரையும். குடை விரித்த மாதிரி நிற்கும் அந்த உடைமரம், நெல்லை குமரிச் செம்மண்ணுக்கே உரியது போல இங்கே எங்கும் நிற்கிறது.

ரப்பர்த் தோட்டத்தைக் காட்டி 'இது காடு இல்லை' என்று சொன்னவர், இங்கே பிள்ளைகளை முள்ளுக்குள் நிறுத்தி 'இது காடு' என்பார். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். முதல் தடவை நானும் நம்பவில்லை. பச்சையே இல்லை; எல்லாம் பழுப்பு. ஆனால் மழை விழுந்த வாரத்தில் வந்து பாரும் என்பார். மிளா இறங்கும். மயில் நிறைய. ராத்திரி டார்ச்சை அடித்தால் தேவாங்கின் கண் இரண்டு தெரியும். எதிரிகளும் இங்கே வேறு. மலைக்கு அந்தப் பக்கம் கோடரி என்றால், இங்கே தீயும் கல்குவாரியும். 'தரிசு' என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் போதும், குன்றையே லாரியில் ஏற்றலாம். பச்சையாக இருப்பதை எல்லாம் காடு என்றும், பச்சை இல்லாததைத் தரிசு என்றும் நினைக்கிற இரண்டு பழக்கத்தில் எது அதிகம் கெடுத்தது என்று அவரிடமே ஒருமுறை கேட்டேன். "ரெண்டாவது" என்றார், யோசிக்காமல். முதலாவதில் ரப்பராவது மிஞ்சும், இரண்டாவதில் பள்ளம்தான்.

பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து அவர் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று வாட்ஸாப்பில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நூறு மரக்கன்று என்று ஒருவர் போட்டதும், இன்னொருவர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார், புரிந்தவர்களுக்குப் புரிந்தது. மைனியிடம் கேட்டதில், நோட்டுகளை ஒளிநகல் எடுத்து, ஒக்கியில் மரம் விழுந்த அந்த இடங்களை வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க ஆள் இருந்தால் போதும் என்றார்கள். பையன் ஒப்புக்கொண்டிருக்கிறான். உயிரியல் தெரியாதே என்றேன். "மரத்தோட பேரு தெரியும் சார். லத்தீன்ல இல்ல, நம்ம பேரு. சாரும் அதத்தானே எழுதி வச்சிருக்காரு." உண்மைதான். நோட்டில் தம்பகம், ஆயினி, மருது என்றுதான் இருக்கிறது.

திருநெல்வேலி பஸ்ஸுக்காக ஆரல்வாய்மொழி சாலையோர டீக்கடையில் நின்றோம். எங்கே போய்விட்டு வருகிறோம் என்று கடைக்காரர் கேட்டார். எங்கள் பயாலஜி சார் கூட்டிப்போன மலையடிக்கு என்றான் பையன்.

"அங்க என்ன கெடக்கு? வெறும் முள்ளு."

"மிளா கெடக்கு அண்ணே. தேவாங்கு, மயிலு, பன்னி."

"பன்னி இருக்குறது எனக்குத் தெரியாதா? போன மாசம் என் மச்சான் வெளையில முழுக் கிழங்கையும் கிண்டிட்டுப் போயிருக்கு. உங்க சார் இருந்தா அதுக்கு நஷ்டஈடு வாங்கித் தருவாரா?"

"மனு எழுதித் தருவாரு. பலபேருக்கு எழுதிக் குடுத்திருக்காரு. எத்தன மூடு கிழங்கு போச்சு? போட்டோ எடுத்தாச்சா?"

கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். போட்டோ எடுக்கவில்லையாம். பையன் காகிதம் கேட்டான். பஸ் வந்துவிட்டது, நான் ஏறும்போது இரண்டு பேரும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் சர்வே நம்பரில் இருந்து எழுதத் தொடங்கியிருந்தார்கள்.